மேஜை விளிம்பும் பேரன் நெற்றியும்

"அம்மா, ரத்தம்!" என்று என் மகள் போட்ட கூச்சலைக் கேட்டு, அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கூடத்தில் டீப்பாய்க்குப் பக்கத்தில் பேரன் விழுந்து கிடந்தான். இடது புருவத்துக்கு மேலே ஓர் அங்குலத்துக்குக் கிழிசல். அப்போது அவனுக்கு 14 மாதம். பிடிமானம் இல்லாமல் நாலு எட்டு வைக்கக் கற்றுக்கொண்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை.

பதற்றத்தில் நான் செய்த காரியம், நம்மில் பலர் செய்வதுதான். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து ஒரு பிடி அள்ளிக் காயத்தில் வைத்து அழுத்தினேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "யாரும்மா இந்தத் தூளை வெச்சது? தையல் போடுற நேரத்தைவிட இதைக் கழுவுற நேரம்தான் அதிகம்" என்று கடிந்துகொண்டார். பிள்ளை வீறிட்டு அழ, நானும் மகளும் ஆளுக்கொரு பக்கமாக அவன் கையையும் காலையும் பிடித்துக்கொண்டோம். மூன்று தையல்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை அந்த டீப்பாயைத் தூக்கித் திண்ணையில் போட்டார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால், அந்த டீப்பாய்க்கு அந்த விளிம்புதான் வேண்டும் என்று அடம் பிடித்துப் போட வைத்தவள் நான். அது எனக்குத் தெரியுமே!

படத்தில் பார்த்த அழகு

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் மரவேலைக்குப் பஞ்சமே இல்லை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் சாமி உருவங்களை மரத்தில் செதுக்கும் குடும்பங்கள் பல உண்டு. 'கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்' 2021-ல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. பூம்புகார் என்று நாம் சொல்லும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் எடுத்த முயற்சி அது. எங்கள் வீட்டு வேலைகளைச் செய்யும் ஆசாரியும் அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர்தான். உளியும் கொட்டாப்புளியுமாகத் தொடங்கியவர், இப்போது கதவு, கட்டில், அலமாரி எல்லாம் மெஷின் வைத்துச் செய்கிறார்.

டீப்பாய் செய்யச் சொன்னபோது அவரிடம் ஒரு படத்தைக் காட்டினேன். மேல் பலகையின் ஓரம் பாம்பு நெளிவதுபோல் வளைந்து இறங்கி, வளைவுக்கு மேலும் கீழும் கத்தி முனைபோல ஒரு மெல்லிய படி.

"இது வேற ஒண்ணுமில்ல தங்கச்சி, கோயில் அடித்தளத்துல இருக்கிற பத்மம் மாதிரிதான். ஆனா அங்க அது கல்லுல, எட்டி நின்னு பார்க்கிறது. வீட்டுல கைபடுற எடத்துல இந்தப் படி உறுத்தும்" என்றார் அவர்.

"படத்துல இருக்கிற மாதிரியே வேணும்ணே" என்றேன். கூலியும் கூடத்தான் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் "அடடா!" என்றார்கள். விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தவர் ஒருவருமில்லை, நான் உள்பட.

வெள்ளிமலையில் பார்த்த மணை

அந்த டீப்பாய் இரண்டு மாதம் திண்ணையிலேயே கிடந்தது. வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றுகூட நினைத்தேன். மாசி மாதம் புளி வாங்குவதற்காக எங்கள் வீட்டுக்காரர் கல்வராயன் மலைக்குப் போனார். மாறுதலாக இருக்கட்டுமே என்று நானும் கூடப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை. அங்கே எங்களுக்குப் பல வருஷப் பழக்கமுள்ள மலையாளிக் குடும்பம் ஒன்று உண்டு. (கேரளத்து மலையாளிகள் இல்லை, இந்த மலையிலேயே காலங்காலமாக வாழும் பழங்குடியினர்.)

உட்காருவதற்கு அந்த வீட்டு அம்மாள் ஒரு பழைய மரமணையை எடுத்துப் போட்டார். தாத்தா காலத்தில் வாய்ச்சியால் செதுக்கியதாம். மெஷினும் இல்லை, பாலீஷும் இல்லை. ஆனால் விளிம்பைத் தடவினால் வெண்ணெய் உருண்டையைத் தொட்டாற்போல் இருந்தது. மேல் ஓரம், கீழ் ஓரம், நாலு மூலை எங்கேயும் கூர் என்பதே கிடையாது.

"இவ்ளோ வழவழப்பா எப்படிக்கா செஞ்சாங்க?" என்று கேட்டேன்.

"புள்ளைங்க தவழுற எடம்மா. கூரா வுட முடியுமா?" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. மலையிலிருந்து இறங்கிய மறுநாளே டீப்பாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆசாரி பட்டறைக்குப் போனேன். அன்றைக்கும் அடுத்து வந்த இரண்டு நாள்களிலும் நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இது ஆண்கள் விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த விளிம்பைத் தினம் துடைப்பது நாம். அதில் இடித்துக்கொள்வது நம் பிள்ளைகள்.

முறுக்கு உழக்கும் ரூட்டரும்

மரத்தின் ஓரத்தில் வளைவு போடும் மெஷினுக்கு ரூட்டர் என்று பெயர். ஒரு கையில் பிடிக்கிற அளவுக்குச் சிறியதாக இருப்பதை டிரிம்மர் என்கிறார்கள். இதை நம் முறுக்கு உழக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உழக்கு ஒன்றுதான், அச்சை மாற்றினால் தேன்குழல், ஓமப்பொடி, ரிப்பன் பகோடா என்று உருவம் மாறுகிறது அல்லவா? அதேபோல ரூட்டரில் மாட்டும் 'பிட்' என்கிற வெட்டும் துண்டை மாற்றினால் விளிம்பின் உருவம் மாறும்.

பிட்டில் மூன்று பாகங்களைத் தெரிந்துகொண்டால் போதும். மெஷினுக்குள் போகும் தண்டு, அதாவது காம்பு. மரத்தைச் சீவுகிற வெட்டு வாய். நுனியில் சுழலும் சின்னப் பேரிங். இந்தப் பேரிங் பலகையின் பக்கவாட்டில் உருண்டுகொண்டே போவதால்தான் வெட்டு எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழுகிறது.

எந்த விளிம்பு எங்கே ஏற்றது?

ஆசாரி ஒரு பழைய செய்தித்தாளை விரித்துத் தம்மிடமிருந்த பிட்டுகளை வரிசையாக வைத்தார். பக்கத்திலேயே ஒவ்வொன்றாலும் வெட்டிய துண்டுப் பலகை. உங்கள் ஆசாரியிடமும் படத்தைக் காட்டாதீர்கள். இப்படித் துண்டுப் பலகையைக் கேளுங்கள். கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

உருட்டு: கடையில் 'ரவுண்ட் ஓவர்' என்று கேட்க வேண்டும். ஓரத்தைக் கால் வட்டமாக உருட்டிவிடும். குழந்தை உள்ள வீட்டில் டீப்பாய், கட்டில், தொட்டில், ஊஞ்சல் பலகை எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் தேர்வு. துடைக்கவும் சுலபம், அழுக்குத் தங்காது. 3 மி.மீ., 6 மி.மீ., 10 மி.மீ., 12 மி.மீ. என்று வளைவின் ஆரத்தைக் கொண்டு அளவு சொல்வார்கள். 3 மி.மீ. வெறுமனே கூரை மழுக்கும், அவ்வளவுதான். குழந்தைக்காகப் போடுவதானால் 6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. பலகை கனமாக இருந்தால் 10 அல்லது 12 போடலாம்.

சரிவு: 'சேம்ஃபர்' என்பார்கள். ஓரத்தை 45 டிகிரி சாய்வாகச் சீவும். அலமாரிக் கதவு, ஷெல்ஃப், படச் சட்டம் போன்றவற்றுக்குப் பார்க்க எடுப்பாக இருக்கும். ஒரு கூர் போய் இரண்டு மழுங்கல் கூர் வருகிறது என்பதால், கடைசியில் உப்புத்தாளால் கட்டாயம் இழைக்கச் சொல்ல வேண்டும்.

குழிவு: 'கோவ்' என்று பெயர். உருட்டுக்கு நேர் எதிர், உள்பக்கமாகக் குழிந்திருக்கும். மேலே உள்ள உதடு கூராகவே நிற்கும். கீழிருந்து பார்க்கும் உயரமான அலமாரியின் தலைப் பட்டைக்கு அழகு. இடுப்பு உயரத்துக்குக் கீழே உள்ள எதற்கும் வேண்டாம்.

நெளிவு: 'ஓஜி'. என்னை மயக்கியது இதுதான். பூஜை அலமாரியின் மேல் விளிம்பு, வாசற்கதவின் சட்டம், சாமி பீடம் இவற்றுக்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் வளைவின் இடுக்கில் எண்ணெய்ப் புகையும் தூசியும் படியும். விளக்கு ஏற்றும் இடமென்றால் வாரம் ஒரு முறை பழைய பல் பிரஷ்ஷைக் கொண்டு தேய்க்க நீங்கள் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள். சமையலறைக்கு வேண்டவே வேண்டாம்.

மணி: 'பீடிங்'. உருட்டைப் போலவே இருக்கும். ஆனால் பக்கத்தில் ஒரு சின்னப் படி விழும். வேடிக்கை என்னவென்றால், சில உருட்டு பிட்டில் பேரிங்கை மட்டும் சிறியதாக மாற்றினால் அதுவே மணி பிட் ஆகிவிடுகிறது. அதனால் இரண்டும் வேண்டுபவர்கள் மாற்றுப் பேரிங்கோடு வருகிற ஒன்றை வாங்கினால் செலவு மிச்சம்.

"சாமி பீடத்துக்குக் கீழ ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகைன்னு அடுக்கு வரும் தங்கச்சி. எங்கப்பா எல்லாத்தையும் உளியாலயே எடுப்பார். இப்ப நேர்கோட்டு வேலைய மெஷின் பார்த்துக்குது. மூலை திரும்புற எடத்துல இன்னைக்கும் உளிதான்" என்றார் ஆசாரி. உருண்ட குமுதத்துக்கு விருத்த குமுதம் என்று பெயராம். திருக்கோவிலூர் போனால் கோயில் அடித்தளத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கடையில் ஆங்கிலப் பெயரோடு விற்கிற பல வளைவுகளுக்கு அண்ணன் தம்பிகளைக் கல்லிலேயே பார்க்கலாம்.

நான் கண்டுபிடித்த மூலை

டீப்பாயின் நெளிவை மட்டத்துக்குச் சீவி எடுத்துவிட்டு, 6 மி.மீ. உருட்டு போட்டுத் தந்தார் ஆசாரி. தடவிப் பார்த்தேன், சுகமாக இருந்தது. வழியெல்லாம் கையை ஓட்டிக்கொண்டே வந்தவள், மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். உள்ளங்கையில் முள் குத்தினாற்போல் இருந்தது.

"அண்ணே, மூலை அப்படியே நிக்குதே!"

அவரும் தடவிப் பார்த்தார். "நீங்க சொல்றது சரிதான்" என்று ஒப்புக்கொண்டார்.

சகோதரிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உருட்டு பிட் பலகையின் மேல் ஓரத்தைத்தான் உருட்டும். இரண்டு ஓரங்கள் சேரும் மூலையின் முனையைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ரூட்டர் ஓட்டுவதற்கு முன்பே மூலையை வட்டமாக அறுத்துவிட வேண்டும். அதற்கு அளவுகோல்கூட வேண்டாம். ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் ஆயிற்று. பெரிய மேஜையானால் டம்ளருக்குப் பதில் சின்னத் தட்டு. எங்கள் டீப்பாய்க்கு டம்ளர் வைத்து அறுத்து, மறுபடி ஒரு சுற்று உருட்டு ஓட்டினார்.

கீழ் ஓரத்தையும் மறக்காதீர்கள். டீப்பாய்க்கு அடியில் தவழ்ந்து போகும் பிள்ளை எழுந்திருக்கும்போது தலையில் இடிப்பது அந்தக் கீழ் ஓரம்தான். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பலகை 18 மி.மீ. கனம் என்றால் மேலே 6, கீழே 6 போக நடுவில் 6 மி.மீ. தட்டையாக மிஞ்சும். பேரிங் உருள அந்த இடம் வேண்டும். ஆசைப்பட்டு மேலும் கீழும் 9 மி.மீ. கேட்டால், இரண்டாவது பக்கம் போடும்போது பேரிங்குக்கு ஊன்ற இடமே இல்லாமல் பிட் உள்ளே புகுந்து பலகையைக் கடித்துவிடும்.

எந்தப் பலகைக்கு எது?

தேக்கு, வேம்பு, வாகை, மா போன்ற முழு மரமானால் எந்த விளிம்பும் போடலாம். பிளைவுட்டில் வளைவு போட்டால் உள்ளே இருக்கிற அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும், சிலாம்பும் பெயரும். அதற்கு ஓரத்தில் முழு மரப் பட்டை ஒன்றை ஒட்டி, அதன்மேல்தான் உருட்டு போட வேண்டும். மர நாரையும் பிசினையும் அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் நெளிவும் வளைவும் வெண்ணெயாக விழும். ஆனால் வெட்டிய ஓரம் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகும். பாத்திரம் கழுவும் இடத்துப் பக்கம் அது கூடாது.

தொட்டில், கட்டில் விளிம்பைப் பல் முளைக்கும் பிள்ளைகள் கடிப்பார்கள். பெயிண்ட் அடிப்பதானால் டப்பாவில் ஈயத்தின் அளவைப் பாருங்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது.

கடையில் ஏமாறாமல் இருக்க

ஆசாரியின் உருட்டு பிட் மழுங்கியிருந்தது. வெட்டிய இடமெல்லாம் கறுப்பாகக் கருகியது. "புதுசு நான் வாங்கித் தரேன், நானும் கூட வரேன்" என்று சொல்லி ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அங்கே தெரிந்துகொண்டவை இவை:

முதலில் காம்பின் அளவு. சிறிய டிரிம்மர்களுக்கு 6 மி.மீ. அல்லது கால் அங்குலம். பெரிய ரூட்டருக்கு 12 மி.மீ. அல்லது அரை அங்குலம். "எல்லாம் ஒண்ணுதாங்க, போட்டுக்கலாம்" என்று கடைப் பையன் சொன்னான். ஒன்றில்லை! கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அதற்கான வாயில் 6 மி.மீ. காம்பைப் போட்டால் இறுக்கிப் பிடிக்காது. நிமிஷத்துக்கு 20,000, 30,000 சுற்று சுற்றுகிற பொருள் நழுவி வெளியே வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மெஷினில் எழுதியுள்ள அளவைச் சீட்டில் குறித்துக்கொண்டு போவதுதான் உத்தமம்.

இரண்டாவது, வெட்டு வாய் எதனால் ஆனது என்பது. வெறும் எஃகு பிட் விலை குறைவு, கூரும் நன்றாக இருக்கும், ஆனால் சீக்கிரம் மழுங்கும். பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளில் உள்ள பிசின் அதைத் தின்றுவிடும். டங்ஸ்டன் கார்பைடு முனை ஒட்டியது விலை கூட, உழைப்பும் கூட. 1920களில் ஜெர்மனியில் இந்தப் பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது 'வைரம் போல' என்ற பொருளில் 'விடியா' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் பட்டறைகளில் அந்தப் பெயர் காதில் விழும். வைரம் போலக் கெட்டி. அதேபோலக் கீழே விழுந்தால் முனை தெறித்துவிடும். வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்து, முனையில் விரிசலோ பல்லோ இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, பேரிங். விரலால் சுண்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். சொரசொரத்தாலோ ஆடினாலோ வேண்டாம்.

இருபது, முப்பது பிட் அடங்கிய பெட்டி ஒன்றைக் கடையில் எடுத்துக் காட்டினார்கள். பார்க்க நகைப்பெட்டி மாதிரிதான் இருந்தது! "இதுல பாதி எனக்கே தேவைப்படாது. நல்லதா ரெண்டு போதும்" என்றார் ஆசாரி. ஓர் உருட்டு, ஒரு சரிவு. இந்த இரண்டை வைத்தே வீட்டுச் சாமான்களில் பெரும்பாலானவற்றை முடித்துவிடலாம்.

வெட்டும்போது கவனிக்க

இப்போது பல வீடுகளில் தம்பியோ மகனோ சின்ன டிரிம்மர் வாங்கி வைத்துக்கொண்டு தாங்களே வேலை செய்கிறார்கள். பெண்களும் செய்யலாம், தப்பில்லை. நானே ஒரு துண்டுப் பலகையில் ஓட்டிப் பார்த்தேன். ஆனால் சில விதிகளை மீறவே கூடாது.

பிட் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். காம்பு கிட்டத்தட்ட முக்கால் அங்குலமாவது உள்ளே போக வேண்டும். அடிவரை முட்டவிட்டு, பிறகு ஒரு நூல் அளவு வெளியே இழுத்து இறுக்க வேண்டும்.

பலகையின் வெளி ஓரத்தில் வெட்டும்போது, மேலிருந்து பார்த்தால் கோயிலை வலம் வருவதற்கு நேர் எதிர்த் திசையில் மெஷினைக் கொண்டுபோக வேண்டும். சட்டத்தின் உள் ஓரமானால் வலம் வருகிற திசை. மாற்றிப் போனால் மெஷின் கையை மீறி ஓடும்.

மரத்தின் குறுக்கு ஓரங்களை முதலில் முடித்துவிட்டு, பிறகு நீள ஓரங்களை வெட்ட வேண்டும். குறுக்கு வெட்டின் கடைசியில் பெயரும் சிலாம்பை நீள வெட்டு சரிசெய்துவிடும். முழு ஆழத்தையும் ஒரே மூச்சில் எடுக்காமல் இரண்டு தடவையாக எடுத்தால் மரமும் கருகாது, மெஷினும் திணறாது. அதிக ஆழம் இறக்கினால் உருட்டுக்கு மேலே படி விழுந்துவிடும். மறுபடி ஒரு கூர்!

பிட் பெரிதாக ஆக வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான பிட்டைக் கைமெஷினில் போடவே கூடாது. அது மேஜையில் பொருத்திய பெரிய ரூட்டருக்கு உரியது.

கறுப்பாகப் பிசின் ஒட்டியிருந்தால் உடனே பிட் மழுங்கிவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். பேரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, சோப்புத் தூள் கரைத்த வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து ஈரமில்லாமல் துடைத்தால் பாதி பிட்டுகள் பிழைத்துக்கொள்ளும். கழுவியும் கருகினால் சாணை பிடிக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

அண்ணியின் தும்மல்

நான் பட்டறையில் இருந்த மூன்று நாளும் ஆசாரியின் மனைவி தும்மிக்கொண்டே இருந்தார். "எனக்குக் காலங்காலமா ஜலதோஷம்" என்றார். மரத்தூளை விளக்குமாற்றால் பெருக்கிப் பெருக்கித் தள்ளுவது அவர்தான்.

ரூட்டர் கக்கும் தூள் மாவு போல மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத தூள் நெடுநேரம் காற்றில் மிதக்கும். மூச்சுத் திணறலும் தோல் அரிப்பும் சிலருக்கு உடனே வரும். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995-லேயே மரத்தூளை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றாக வகைப்படுத்தி வெளியிட்டது. மூக்கிலும் அதை ஒட்டிய அறைகளிலும் வரும் புற்று அது. ஒரு நாள் வேலையில் வந்துவிடாது. வருஷக்கணக்கில் தூளிலேயே இருப்பவர்களுக்கே ஆபத்து அதிகம். அப்படி இருப்பவர்கள் நமக்குச் சாமான் செய்து தரும் ஆசாரியும் அவர் வீட்டு அண்ணியும்தான்.

அதனால் வீட்டில் வேலை நடந்தால் திறந்த வெளியில் செய்யச் சொல்லுங்கள். வெட்டுபவரும் பெருக்குபவரும் முகத்தில் படிகிற என்-95 முகமூடி போட வேண்டும், துணி போதாது. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். விளக்குமாற்றால் தூள் பறக்கப் பெருக்காமல் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் அந்த நேரம் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நான் பிட் வாங்கிய கடையிலேயே அண்ணிக்கும் ஒரு பெட்டி முகமூடி வாங்கிக் கொடுத்தேன். முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தார். அடுத்த முறை போனபோது போட்டுக்கொண்டிருந்தார்.

காப்பித்தூள் வேண்டாம்

கடைசியாக ஒன்று. உருட்டு போட்ட விளிம்பானாலும் மரம் மரம்தான். அதில் விழுந்தால் கிழியாமல் வீங்கும், அவ்வளவே. டீப்பாயின் உயரம் 40 முதல் 45 செ.மீ. நடக்கப் பழகும் பிள்ளை தடுக்கி முன்னால் சாயும்போது முகம் அந்த உயரத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நன்றாக நடக்கிற வரைக்கும் கூடத்தின் நடுவை காலியாக வைத்திருப்பதே நல்லது.

அப்படியும் அடிபட்டு ரத்தம் வந்தால் காப்பித்தூள், மஞ்சள் தூள், சர்க்கரை எதையும் வைக்காதீர்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். வாய் பிளந்த காயமானால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டித் தையல் போடுங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, நினைவு தப்பினாலோ, வலிப்பு வந்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது எங்கள் டீப்பாய் மறுபடி கூடத்துக்கு வந்துவிட்டது, நடுவில் இல்லை, சுவர் ஓரமாக. "அந்த டிசைன் எங்கே போச்சு? மொட்டையா இருக்கே!" என்று ஒரு உறவுக்காரி கேட்டாள். "தடவிப் பாரேன்" என்றேன். தடவினாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் பேரன் வந்திருந்தான். புருவத்துக்கு மேலே அரிசி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இன்னும் இருக்கிறது. அவன் அதே டீப்பாயின் விளிம்பைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஆயா, வழவழா!" என்றான். அடுத்த முறை ஆசாரியிடம் ஏதாவது செய்யச் சொல்லும்போது நீங்களும் மர வகை, நிறம், கூலி எல்லாம் பேசுவதற்கு முன்னால் விளிம்பைப் பேசிவிடுங்கள்.